மண்ணைத் திறக்க யாரிடம் கேட்பது? அகழாய்வு அனுமதி பற்றிய நெடிய விவாதம்

நாகர்கோவிலின் கோட்டாறு இன்று நெருக்கமான கடைத்தெரு. கி.பி. 2ஆம் நூற்றாண்டில் தாலமி எழுதிய நிலவியல் நூல் தென்கோடியில் 'கொட்டியாரா' என்றொரு நகரைக் குறிக்கிறது. அது கோட்டாறுதான் என்று கொள்ளும் அறிஞர்கள் பலர். பெயர்களின் ஒலி ஒற்றுமையைத் தாண்டி அதை நிறுவ வேண்டுமென்றால், மண்ணடுக்கில் பானை ஓடும் காசும் கட்டட எச்சமும் கிடைக்க வேண்டும். அதற்குத் தோண்டியாக வேண்டும். தோண்டுவதற்கு முன் ஒரு விண்ணப்பம் எழுதியாக வேண்டும். அந்த விண்ணப்பம் யாருக்குப் போக வேண்டும்?

சட்டத்தின் விடையில் குழப்பமில்லை. 1958ஆம் ஆண்டின் பழங்கால நினைவுச்சின்னங்கள், தொல்லியல் களங்கள், எச்சங்கள் சட்டத்தின் 24ஆம் பிரிவுப்படி, பாதுகாக்கப்பட்ட பகுதி அல்லாத இடத்தில்கூட ஒன்றிய அரசின் முன் ஒப்புதல் இல்லாமல் மாநில அரசு அகழாய்வு செய்யவோ, பிறரைச் செய்யவிடவோ முடியாது. ஆகவே கோட்டாறானாலும் கொற்கையானாலும் தாள்கள் டெல்லிக்குப் போகின்றன. இந்த விடை சரியானதா என்பதில்தான் கருத்து ஒன்றுபடவில்லை. சட்டம் பிறப்பதற்கு முன்பே தொடங்கிய இந்த வாதம், கீழடி அகழாய்வுக்குப் பிறகு தேநீர்க் கடைப் பேச்சுவரை வந்துவிட்டது.

உரிமம் வந்த வழி

1876இல் பெர்லினைச் சேர்ந்த பெடோர் யாகோர் ஆதிச்சநல்லூருக்கு வந்தார். தாமிரபரணிக் கரைப் பறம்பில் தோண்டி, தாழிகளையும் இரும்புக் கருவிகளையும் எடுத்துக்கொண்டு ஜெர்மனிக்குப் போனார். அவரைத் தடுக்க அன்று சட்டமே இல்லை. இரண்டு ஆண்டுகள் கழித்து வந்த 1878ஆம் ஆண்டின் புதையல் சட்டமும் கிடைத்த பொருளின் விலையையும் உரிமையையும் பற்றியே கவலைப்பட்டது; பொருள் எந்த மண்ணடுக்கில், எதற்கு அருகில் கிடந்தது என்பது அதன் கண்ணில் படவில்லை. 1899 முதல் 1905 வரை அலெக்சாண்டர் ரீ அதே பறம்பில் அரசுப் பணியாகத் தோண்டினார். இடையில் 1904இல் பிரெஞ்சுக்காரர் லூயி லாபிக் வந்து, தாம் எடுத்ததைப் பாரிசுக்குக் கொண்டுபோனார். ஒரே களத்தின் பொருள்கள் இப்படி மூன்று திசைகளுக்குப் பிரிந்தன.

லாபிக் வந்த அதே 1904இல்தான் கர்சன் காலத்துப் பழங்கால நினைவுச்சின்னப் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறியது. அகழாய்வைக் கட்டுப்படுத்தும் அதிகாரம் அரசுக்கு அதன் வழியே வந்தது. 1932இல் சட்டத்தைத் திருத்தி, வெளி அமைப்புகளும் உரிமம் பெற்றுத் தோண்ட வழி செய்தார்கள். அந்த வழியில் வந்த அமெரிக்கக் குழுவுக்காக எர்னஸ்ட் மக்கே 1935-36இல் சிந்துவில் சன்குதாரோவைத் தோண்டினார். கிடைத்தவற்றில் ஒரு பங்கு பாஸ்டன் அருங்காட்சியகத்துக்குச் சென்றது. உரிமம் என்ற சொல்லுக்குள் பொருளைப் பங்கிடுவதும் அடங்கியிருந்த காலம் அது.

1939இல் லியனார்டு ஊலி இந்தியத் தொல்லியல் பணியை ஆராய்ந்து எழுதிய அறிக்கை கடுமையானது. களத் தெரிவிலும் பயிற்சியிலும் முறையிலும் குறை இருப்பதாக அவர் சொன்னார். 1944இல் இந்தியத் தொல்லியல் துறையின் தலைமை இயக்குநராக வந்த மார்ட்டிமர் வீலர், மண்ணடுக்கு முறையைக் கற்பிக்கத் தட்சசீலத்தில் பயிற்சிப் பள்ளி நடத்தினார். மறு ஆண்டு அரிக்கமேட்டில் தோண்டினார். அரிக்கமேடு பிரெஞ்சு ஆட்சியில் இருந்த புதுச்சேரி மண் என்பதால், பிரிட்டிஷ் இந்தியாவின் தலைமை இயக்குநருக்கே அங்கே மற்றொரு அரசின் இசைவு தேவைப்பட்டது. அதே 1945இல் அமைந்ததுதான் மத்தியத் தொல்லியல் ஆலோசனை வாரியம். அகழாய்வு முன்மொழிவுகளை இன்று பரிசீலிப்பது இந்த வாரியத்தின் நிலைக்குழு.

விண்ணப்பம் கேட்பவை பல. களத்தின் வரைபடம், நிலத்தின் சர்வே எண், உடைமையாளரின் இசைவு, முன்பு நடந்த மேற்பரப்பாய்வின் முடிவு, ஆய்வின் நோக்கம், இயக்குநரின் களப்பணி அனுபவம், குழு, நிதி, பொருள்களை வைக்கும் இடம் ஆகியவை வேண்டும். 1959ஆம் ஆண்டின் விதிகள், உரிமம் கேட்பவர் பணி தொடங்குவதற்குக் குறைந்தது மூன்று மாதம் முன்பே விண்ணப்பிக்கச் சொல்கின்றன. வெளிப்பட்ட கட்டுமானத்தைக் கலைக்கவும், பொருளை வேதிமுறையில் துப்புரவு செய்யவும் தலைமை இயக்குநரின் இசைவு வேண்டும். வேலை முடிந்தபின் சுருக்க அறிக்கை ஒன்றும், அவர் குறிக்கும் காலத்துக்குள் விரிவான அறிக்கை ஒன்றும் தர வேண்டும். அனுமதி ஓர் அகழாய்வுப் பருவத்துக்கு மட்டுமே என்பதால், தொடர வேண்டுமானால் அடுத்த ஆண்டும் கேட்க வேண்டும்.

ஒரே கை வேண்டும் என்போர்

அனுமதி ஓரிடத்தில் குவிய வேண்டும் என்ற தரப்பின் அடிப்படை வாதம் எளிதில் மறுக்க முடியாதது. அகழாய்வு தன் சான்றையே அழித்துக்கொண்டு முன்னேறும் வேலை. வேதியியல் சோதனையை இன்னொருவர் திரும்பச் செய்யலாம். தோண்டிய குழியை இன்னொருவர் அதே நிலையில் திரும்பத் தோண்ட முடியாது. எனவே தகுதியும் திட்டமும் இல்லாதவர் கையில் கடப்பாரை போகாமல் காக்க ஒரு வாசல் வேண்டும்.

உலக நடைமுறையும் ஓரளவு இதன் பக்கமே. 1956 டிசம்பரில் டெல்லியில் கூடிய யுனெஸ்கோ மாநாடு, அகழாய்வுக்கு உரிய அதிகாரியின் முன் அனுமதி கட்டாயமாக வேண்டும் என்று நாடுகளுக்குப் பரிந்துரைத்தது. கிரீஸ், அங்கே இயங்கும் ஒவ்வொரு வெளிநாட்டு ஆய்வுப் பள்ளிக்கும் இத்தனை அகழாய்வுதான் என்று சட்டத்திலேயே எல்லை வகுத்திருக்கிறது. இலங்கையில் 1940ஆம் ஆண்டின் தொல்பொருள் கட்டளைச் சட்டப்படி உரிமம் கொழும்பின் தொல்லியல் திணைக்களத்திலிருந்தே வர வேண்டும். மறுதுருவம் இங்கிலாந்து. பட்டியலிடப்பட்ட நினைவுச்சின்னம் அல்லாத நிலத்தில் உடைமையாளரின் இசைவு இருந்தாலே அங்கே தோண்டலாம்.

இந்தத் தரப்பின் பலவீனம் கோட்பாட்டைவிட அமைப்பில்தான் தெரிகிறது. இந்தியத் தொல்லியல் துறை பிறருடைய விண்ணப்பங்களைப் பரிசீலிக்கிறது, தானும் களத்தில் இறங்கித் தோண்டுகிறது. ஆட்டக்காரரே நடுவராகவும் இருக்கும்போது, நேர்மையாக எடுத்த முடிவுக்கும் ஐயம் ஒட்டிக்கொள்ளும். ஆஷிஷ் அவிகுந்தக் 2021இல் வெளியிட்ட ஆய்வு நூல், துறையின் அலுவலக நடைமுறையே களத்தில் பிறக்கும் அறிவை எப்படி வடிவமைக்கிறது என்பதை விரிவாகக் காட்டியது. ஒரு முன்மொழிவு ஏன் ஏற்கப்பட்டது, ஏன் தள்ளப்பட்டது என்ற காரணங்கள் பொதுமக்கள் படிக்கும்படி விரிவாக வெளிவருவதில்லை என்பதும் நெடுநாள் குறை.

மாநிலத்தின் குரல்

அரசமைப்பின் 7ஆவது அட்டவணையில் தொல்லியல் மூன்றாகப் பிரிந்து கிடக்கிறது. தேசிய முக்கியத்துவம் கொண்டவை ஒன்றியப் பட்டியலிலும், மற்ற பழைய நினைவுச்சின்னங்கள் மாநிலப் பட்டியலிலும், மற்ற தொல்லியல் களங்கள் பொதுப் பட்டியலிலும் உள்ளன. பொதுப் பட்டியலில் உள்ள ஒன்றில் ஒவ்வொரு பருவமும் முன் ஒப்புதல் கேட்க வைப்பது கூட்டாட்சிக்குப் பொருந்துமா என்பதே மாநிலத் தரப்பின் கேள்வி.

அந்தக் கேள்விக்குத் தமிழ்நாட்டில் உயிர் கொடுத்தது கீழடி. பெங்களூரில் இயங்கிய, இந்தியத் தொல்லியல் துறையின் ஆறாவது அகழாய்வுப் பிரிவு, அமர்நாத் ராமகிருஷ்ணா தலைமையில் 2014-15, 2015-16 பருவங்களில் அங்கே தோண்டியது. ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட பொருள்கள் கிடைத்தன. 2017இல் அவர் அசாமுக்கு மாற்றப்பட்டார். ஸ்ரீராமன் தலைமையில் நடந்த மூன்றாம் பருவத்தோடு ஒன்றியத் துறை விலகிக்கொண்டது. 2018 முதல் மாநிலத் தொல்லியல் துறை தொடர்ந்தது. ஒவ்வொரு பருவத்துக்கும் டெல்லியின் ஒப்புதல் பெற்றுத்தான். 2021க்குள் ஆதிச்சநல்லூர், சிவகளை, கொற்கை, கொடுமணல், மயிலாடும்பாறை, கங்கைகொண்ட சோழபுரம் எனக் களங்கள் பெருகின. ஆண்டுதோறும் பல களங்களுக்கு ஒப்புதல் வந்திருப்பதை வைத்துப் பார்த்தால், அனுமதி முறை தமிழ்நாட்டைத் தோண்டவிடாமல் தடுத்தது என்று சொல்வது மிகை. ஆனால் ஒரு களத்தின் பணி நடுவில் நிற்கலாம், இயக்குநர் மாறலாம், அதற்கான முடிவு களத்துக்கு வெளியே எடுக்கப்படும் என்பதைக் கீழடி காட்டியது. அந்த அளவில் மாநிலத்தின் மனக்குறைக்கு ஆதாரம் இருக்கிறது.

நாகர்கோவில் அமைந்த நாஞ்சில் நாட்டுக்கு இந்த விவாதத்தில் தனியான ஓர் இடம் உண்டு. 1956 நவம்பர் 1 வரை இந்த மண் திருவிதாங்கூருக்கும், பிறகு திருவிதாங்கூர்-கொச்சிக்கும் உட்பட்டிருந்தது. திருவிதாங்கூர் தனக்கென்று தொல்லியல் துறை வைத்திருந்தது. து.அ. கோபிநாத ராவ் அதன் பொறுப்பில் இருந்தபோது தொடங்கிய திருவிதாங்கூர் தொல்லியல் வரிசைத் தொகுதிகள்தாம் பார்த்திவபுரம் செப்பேட்டையும் கன்னியாகுமரியின் வீரராசேந்திரன் கல்வெட்டையும் ஆய்வுலகுக்குத் தந்தன. தேரூர்க் கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை காந்தளூர்ச் சாலையைப் பற்றி ஆராய்ந்ததும், கே.கே. பிள்ளை 1953இல் சுசீந்திரம் கோயிலின் வரலாற்றை எழுதியதும் அந்தக் கல்வெட்டு மரபின் வலிமையில்தான். இப்பகுதியின் பழைய வரலாறு பெரும்பாலும் கல்லிலும் செம்பிலும் எழுதியதைக் கொண்டே கட்டப்பட்டது. எழுத்துக்கு முந்தைய காலத்தைப் பேச மண்ணுக்குள் இருப்பது வேண்டும், அந்தப் பக்கம் இங்கே மெலிந்தே இருக்கிறது.

மாநில எல்லை மாறியும் மாறாத ஒன்று தக்கலை அருகே நிற்கிறது. பத்மநாபபுரம் அரண்மனை தமிழ்நாட்டு மண்ணில் இருந்தாலும் அதைப் பராமரிப்பது கேரள அரசின் தொல்லியல் துறை. சிதறால் மலையின் சமணச் சிற்பங்களும் வட்டக்கோட்டையும் ஒன்றியத் துறையின் பாதுகாப்பில் உள்ளன. ஒரே மாவட்டத்துக்குள் மூன்று அரசுகளின் தொல்லியல் பொறுப்பு குறுக்கிடுகிறது. 'மாநிலத்துக்கே அதிகாரம்' என்று சொல்லும்போது எந்த மாநிலம் என்ற கேள்வி இங்கே வெறும் வாய்ப்பேச்சாக இராது.

மாநில வாதத்தின் பலவீனத்தையும் மறைக்கக் கூடாது. ஒன்றிய அரசுக்கு விருப்பு வெறுப்பு இருக்கலாம் என்றால் மாநில அரசுக்கும் இருக்கலாம். சிவகளைத் தாழியில் கிடைத்த நெல்லின் காலம் கி.மு. 1155 என்பது 2021 செப்டம்பரில் சட்டமன்றத்தில் அறிவிக்கப்பட்டது. இரும்பின் தொன்மை கி.மு. 4ஆம் ஆயிரமாண்டுவரை போகிறது என்ற அறிக்கையை 2025 ஜனவரியில் முதலமைச்சர் வெளியிட்டார். அந்தக் காலக்கணிப்புகளுக்கு ஆய்வுக்கூட முடிவுகள் துணை நிற்கின்றன. ஆனாலும் அரசு மேடையில் முதலில் அறிவிக்கப்படும் முடிவு ஆய்வாளர்களின் விமர்சனத்துக்கு உள்ளாகும் முன்பே பெருமிதமாக உறைந்துவிடும் இடர் உண்டு. கேரளத்தின் முசிறி, ஒடிசாவின் பாலூர், கர்நாடகத்தின் மஸ்கி ஆகிய இடங்களில் ஆய்வு செய்யும் விருப்பத்தைத் தமிழ்நாடு அறிவித்திருக்கிறது. மாநிலங்கள் தத்தம் எல்லைக்குள் முழு அதிகாரம் பெற்றால் இத்தகைய ஆய்வுக்கு யார் வழி விடுவது என்பதையும் மாநிலத் தரப்பு யோசித்தாக வேண்டும்.

ஆய்வாளர், நிலத்துக்காரர்

இரண்டு அரசுகளின் வழக்கில் மறந்துபோகும் தரப்பு பல்கலைக்கழகங்களும் ஆய்வு அமைப்புகளும். தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகம் 1980களில் கொடுமணலில் செய்த பணியும், கா. ராஜன் தலைமையில் புதுவைப் பல்கலைக்கழகம் பொருந்தலில் செய்த அகழாய்வும் தமிழி எழுத்தின் காலத்தைப் பற்றிய விவாதத்தையே திருப்பிவிட்டன. சென்னையின் சர்மா பாரம்பரியக் கல்வி மையம் ஒரு தனியார் அறக்கட்டளை. சாந்தி பப்பு தலைமையில் அது 1999 முதல் அத்திரம்பாக்கத்தில் ஆய்வு செய்து, நடுப் பழங்கற்காலக் கருவிகள் அங்கே ஏறத்தாழ 3,85,000 ஆண்டுகளுக்கு முன்பே தோன்றியதை 2018இல் 'நேச்சர்' இதழில் வெளியிட்டது. கேரளத்தில் வரலாற்று ஆய்வுக் கழகம் 2007 முதல் 2015 வரை பட்டணத்தில் ஒன்பது பருவங்கள் தோண்டியது. அரசுத் துறை அல்லாதவர்களுக்கும் இம்முறையில் இடம் உண்டு என்பதற்கு இவை சான்று.

அந்த இடம் குறுகலானது. நிதி, நிலையான களக்குழு, பொருள் வைப்பறை, அலைந்து கோப்பை நகர்த்த ஆள் என எல்லாம் இருக்கும் அமைப்புக்கே விண்ணப்பம் எளிது. நாகர்கோவிலில் ஸ்காட் கிறித்தவக் கல்லூரி போன்ற பழைய கல்லூரிகள் உண்டு. ஆனால் ஒரு மாவட்டக் கல்லூரியின் வரலாற்றுத் துறை தனியாக அகழாய்வு முன்மொழிவு அனுப்புவது அரிது. மேற்பரப்பாய்வுக்கும் ஒப்புதல் கேட்க வேண்டியிருப்பது இத்தகைய சிறிய அமைப்புகளுக்கே கூடுதல் சுமை. மண்ணைத் தொடாமல், ஊர் ஊராகப் போய்க் குறிப்பெடுக்கும் வேலைக்காவது எளிய பதிவு முறை இருந்தால் போதும் என்று கேட்பது நியாயமே.

நிலத்துக்காரரின் நிலை வேறு. கீழடியின் குழிகள் தனியாரின் தென்னந்தோப்புகளில் தோண்டப்பட்டவை. தோப்புக்காரர்கள் இடம் கொடுத்திருக்காவிட்டால் வைகைக்கரையின் உறைகிணறுகளும் செங்கல் கட்டுமானங்களும் வெளியே வந்திருக்காது. 1958 சட்டம் அகழாய்வால் நேரும் இழப்புக்கு ஈடு தரச் சொல்கிறது, பொருள்களை விலை கொடுத்து அரசு எடுத்துக்கொள்ளவும் வழி வைக்கிறது. எனினும் பல உழவர்களின் அச்சம் பணத்தைப் பற்றியதன்று. களம் பாதுகாக்கப்பட்டதாக அறிவிக்கப்பட்டால், 2010ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி சுற்றிலும் 100 மீட்டருக்குக் கட்டடத் தடையும் அதற்கப்பால் 200 மீட்டருக்குக் கட்டுப்பாடும் வரும். வானம் தோண்டும்போது தாழி தட்டுப்பட்டால் வாய் திறக்காமல் மூடிவிடத் தோன்றுவது இதனால்தான். இங்கிலாந்து 1997இல் தொடங்கிய பதிவுத் திட்டம், கிடைத்ததைத் தண்டனைக்கு அஞ்சாமல் தெரிவிக்கப் பொதுமக்களை ஊக்குவிக்கிறது. அது உலோகங்காட்டிக் கருவியோடு களம் தேடி அலைவோருக்கும் உரம் தருகிறது என்ற எதிர்ப்பும் அங்கே உண்டு. சிலைக் கடத்தல் ஓயாத தமிழ்நாட்டில் அதை அப்படியே நட முடியாது.

தோண்டாமல் விடுவது

எதிர்கால நுட்பத்துக்காகக் களத்தின் ஒரு பகுதியைத் தொடாமல் விட வேண்டும் என்பது இன்னொரு நிலைப்பாடு. நிலத்தை ஊடுருவும் ராடாரும் காந்தப்புல அளவீடும் அதற்கு வலு சேர்க்கின்றன. ரீ காலத்தில் தாழிகளிலிருந்து பிரித்தறிய இயலாத மரபணுவும் மகரந்தமும் இன்று பேசுகின்றன. அவர் தோண்டாமல் விட்ட இடங்களால்தான் அது முடிகிறது. ஆனால் வீட்டுமனைகளும் சாலைகளும் விரைந்து பரவும் மாவட்டத்தில் தொடாமல் விட்ட நிலம் பொக்லைன் வாய்க்குப் போய்விடவும் கூடும். அவசர மீட்பு அகழாய்வுக்குத் தனி வேகப் பாதை வேண்டும் என்ற கோரிக்கை அங்கிருந்தே எழுகிறது.

அறிக்கை எங்கே?

இதுவரை பார்த்த தரப்புகள் எல்லாம் கதவைத் திறக்கும் கை யாருடையது என்பதிலேயே மோதிக்கொள்கின்றன. வழக்குகளை வரிசையாக வைத்துப் பார்த்தால் நோய் வேறிடத்தில் இருப்பதாகவே படுகிறது. தொடங்குவதற்கு அத்தனை தாள்கள் கேட்கும் முறை, முடிப்பதை அதே கண்டிப்போடு கேட்பதில்லை.

ஆதிச்சநல்லூரே இதற்கு வலுவான சான்று. ரீ தம் பணியை முடித்துப் பத்து ஆண்டுகளில், 1915இல், பொருள்களின் பட்டியல் நூலாக வந்தது. ரீ தோண்டி நூறு ஆண்டுகள் கழித்து, 2004-05இல் ஒன்றியத் துறை அங்கே தி. சத்தியமூர்த்தி தலைமையில் தோண்டியபோது அறிக்கை வெளிச்சத்துக்கு வர அதைவிட நீண்ட காலம் ஆயிற்று. சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை தலையிட வேண்டியிருந்தது. அந்தத் தாழிகளோடு தொடர்புடைய மாதிரிகளின் காலம் கி.மு. 905, 696 என்று 2019இல்தான் தெரிய வந்தது. தலைமைத் தணிக்கையாளரின் 2013ஆம் ஆண்டு அறிக்கையும் அகழாய்வு அறிக்கைகள் எழுதப்படாமல் தேங்குவதைச் சுட்டியது. எதிர்ப்பக்கத்தில், மாநிலத் துறை கீழடியின் நான்காம் பருவ அறிக்கையை 2019 செப்டம்பரில் வெளியிட்டது. விரைவாகச் செய்ய முடியும் என்பதற்கு அது போதிய சான்று.

அறிக்கை வராத அகழாய்வு களத்தை இழந்ததற்கு ஒப்பானது. மண் போய்விட்டது, மண் சொன்னதும் எவருக்கும் கிடைக்கவில்லை. ஆகவே முந்தைய பருவத்தின் அறிக்கையோ, குறைந்தது அதன் தரவுத் தொகுப்போ பொதுவெளிக்கு வராதவரை அதே இயக்குநருக்கும் அதே அமைப்புக்கும் அடுத்த உரிமம் இல்லை என்ற விதியை எல்லோருக்கும், ஒன்றியத் துறைக்கும் சேர்த்தே, பொருத்துவது பயன் தரக்கூடும். இதற்கும் மறுப்பு இருக்கிறது. எலும்பு, தாவர எச்சம், உலோகம் ஆகியவற்றின் பகுப்பாய்வு வெளியூர் ஆய்வுக்கூடங்களின் வரிசையில் காத்திருக்கிறது. நிதி பெரும்பாலும் தோண்டுவதற்குத்தான் ஒதுக்கப்படுகிறது. கெடு வைத்தால் அவசர அறிக்கைகள் பெருகும். மறுப்பு நியாயமானது. அகழாய்வு நிதியில் ஒரு பங்கை அறிக்கைக்கும் பொருள் பேணலுக்கும் தொடக்கத்திலேயே ஒதுக்குவதுதான் அதற்கு ஓரளவு விடையாக இருக்க முடியும்.

தீராதவை

மூன்று விஷயங்களில் முடிவு எட்டாத் தொலைவில் இருக்கிறது. முதலாவது, அனுமதி வழங்கும் அமைப்பையும் தோண்டும் அமைப்பையும் பிரிப்பது. கேட்க எளிது, ஆனால் விண்ணப்பங்களை மதிப்பிடும் அனுபவம் கொண்டோர் பெரும்பாலும் அதே துறைகளில்தான் இருக்கிறார்கள் என்பதால், தனி ஆணையம் அமைத்தாலும் அதே முகங்கள் திரும்பி வரலாம். இரண்டாவது, 24ஆம் பிரிவைத் தளர்த்தி, தகுதி பெற்ற மாநிலத் துறைகளுக்குப் பல ஆண்டு அனுமதி தருவது. தமிழ்நாடு போன்ற வலுவான துறை உள்ள மாநிலத்துக்கு அது பொருந்தலாம், எல்லா மாநிலங்களுக்கும் அதே அளவுகோல் சரியாகுமா என்பது தெளிவாகவில்லை.

மூன்றாவதுதான் கடினமானது: அறிக்கையின் உள்ளடக்கத்தில் கருத்து மாறுபட்டால் யார் தீர்ப்பது? கீழடியின் முதல் இரு பருவங்களுக்கான 982 பக்க அறிக்கையை அமர்நாத் ராமகிருஷ்ணா 2023 ஜனவரியில் ஒப்படைத்தார். 2025 மே மாதம், காலக்கணிப்பு உள்ளிட்டவற்றைத் திருத்தித் தருமாறு துறை கேட்டது. கிடைத்த சான்றுகளின்படியே எழுதியிருப்பதாகச் சொல்லி அவர் மறுத்தார். தொடக்க அடுக்கை அவர் கி.மு. 8ஆம் நூற்றாண்டுக்குக் கொண்டுசென்றதில் அறிஞர்கள் மாறுபடலாம். அந்த மாறுபாடு அச்சிட்ட அறிக்கையின் மீது, ஆய்விதழ்களில் நடக்க வேண்டியது. தோண்டியவரின் முடிவும் துறையின் மறுப்பும் ஒரே நூலில் அடுத்தடுத்து வெளிவர இடம் கொடுக்கும் நடைமுறையை 1958ஆம் ஆண்டுச் சட்டத்திலும் 1959ஆம் ஆண்டு விதிகளிலும் காண முடியவில்லை.